அஷெத், அஷ்தோன்: பிரெஞ்சு வினையடி ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது?

பிப்ரவரி 9, இரவு 11.20 | கொருக்குப்பேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி

அக்கா, கனடாவுக்காக டி.சி.எஃப். என்கிற பிரெஞ்சு மொழித் தேர்வு எழுதப்போகிறேன். ஷிப்ட் முடிந்து வந்து ராத்திரியில்தான் படிக்கிறேன். அகராதி வடிவம் 'ஏ' என்று முடிகிற வினைகள் எல்லாம் ஒரே அச்சு, ஒன்றைப் படித்தால் போதும் என்று சொல்லித்தான் ஆரம்பித்து வைத்தார்கள். இப்போது பார்த்தால் 'வாங்கு', 'கூப்பிடு', 'விரும்பு', 'எறி' எல்லாமே நடுவில் மாறுகிறது. ஒன்றில் கோடு ஏறுகிறது, ஒன்றில் எழுத்து இரட்டிக்கிறது, ஒன்றில் இருக்கிற கோடே திரும்பிக்கொள்கிறது. என்னைக் கேட்டால் இதில் ஒழுங்கு என்று எதுவுமே இல்லை. ஒவ்வொன்றையும் ஆறு வடிவமாக நெட்டுரு போடுவதைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

பிப்ரவரி 10, காலை 6.15

ஒழுங்கு இருக்கிறது தம்பி. வகுப்பின் முதல் நாளிலேயே அதை உங்கள் வாயால் சொல்லிவிட்டீர்கள். "ஜு மப்பெல்" என்று பெயர் சொன்னீர்களே, அதுதான். அந்த வினையின் அகராதி வடிவம் 'அப்லே'. 'பெ' என்கிற அழுத்தமான ஒலி அகராதி வடிவத்தில் கிடையாது. 'நாங்கள்' போட்டுச் சொன்னால் "நூ நூஸ் அப்லோன்". அங்கேயும் 'பெ' இல்லை.

முதலில் எழுத்து விஷயம். நான் தமிழில் எழுதும்போது 'எ' என்றால் வாய் நன்றாகத் திறந்த ஒலி, 'ஏ' என்றால் வாயை அதிகம் திறக்காத ஒலி. நம்முடைய குறில் நெடில் கணக்கு இல்லை இது, இழுக்க வேண்டாம். 'ஓன்' என்று முடிந்தால் கடைசி ன் மூக்கோடு நின்றுவிடும்.

இப்போது 'வாங்கு' வினையை வரிசையாக, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஜஷெத், த்யூ அஷெத், இல் அஷெத், நூஸ் அஷ்தோன், வூஸ் அஷ்தே, இல்ஸ் அஷெத். புத்தகத்தில் ஆறு வடிவம். காதுக்கு மூன்றுதான்: அஷெத், அஷ்தோன், அஷ்தே. அதிலும் வினையடியை மட்டும் பார்த்தால் இரண்டே இரண்டு. ஒன்று 'அஷெத்', இன்னொன்று 'அஷ்த்'.

காரணம் எளிது. பிரெஞ்சில் ஒரு சொல்லில் கடைசியாகக் காதில் விழுகிற அசைக்குத்தான் அழுத்தம். நான், நீ, அவன், அவர்கள் என்கிற நான்குக்கும் விகுதி எழுத்தில்தான் இருக்கிறது, வாயில் வராது. அதனால் அழுத்தம் முழுக்க வினையடியின் கடைசி உயிரெழுத்தின் மேல் விழுகிறது. அழுத்தம் விழுந்த உயிரை விழுங்க முடியாது. அது வாயைத் திறந்து 'எ' ஆகிறது. 'நூ' (நாங்கள்), 'வூ' (நீங்கள்) இரண்டுக்கும் விகுதி சத்தமாக வருகிறது, ஓன் என்றும் ஏ என்றும். அழுத்தத்தை அது எடுத்துக்கொள்கிறது. வினையடியில் இருந்த உயிர் தேய்ந்து, பல நேரம் காணாமலே போய்விடுகிறது. காசிமேட்டுத் தராசு மாதிரிதான் இது: ஒரு தட்டில் எடை ஏறினால் மற்றது தூக்கிக்கொள்ளும்.

ஆறு வடிவம் நெட்டுரு வேண்டாம். 'நான்' ஒன்று, 'நாங்கள்' ஒன்று. இரண்டையும் ஜோடியாகவே சொல்லிப் பழகுங்கள்.

பிப்ரவரி 10, மதியம்

எழுத்தைப் பற்றிக் காலையில் சொல்ல நேரமில்லை. வாய் திறப்பதைக் காட்ட பிரெஞ்சு எழுத்தில் இரண்டு வழி. ஒன்று, 'இ' எழுத்தின் (ஆங்கிலத்து e) தலையில் இடமிருந்து வலமாக இறங்குகிற கோடு. அதற்குப் பெயர் ஆக்சான் கிராவ். இன்னொன்று, அடுத்து வரும் மெய்யை இரட்டிப்பது. 'வாங்கு' என்கிற 'அஷ்தே' முதல் வழி. 'கூப்பிடு' என்கிற 'அப்லே', 'எறி' என்கிற 'ஜுதே' இரண்டாம் வழி: ஜு மப்பெல்லில் எல் இரண்டு, ஜு ஜெத்தில் டி இரண்டு. வழிதான் வேறு, ஒலி ஒன்றே. ஒலியைப் பிடித்தவருக்கு எழுத்தில் மீதியிருப்பது ஒரே கேள்வி: கோடா, இரட்டிப்பா?

அதற்கும் சுலபமான பதில் உண்டு. 1990 டிசம்பர் 6-ஆம் தேதி பிரான்ஸ் அரசிதழில் எழுத்துச் சீர்திருத்தப் பரிந்துரைகள் வெளியாயின. அதன்படி அப்லே, ஜுதே, அவற்றின் குடும்பம் (ரப்லே, ருஜுதே போன்றவை) மட்டும் இரட்டிக்கும். இந்த இனத்தில் மற்ற எல்லாமும் கோடு போட்டுக்கொள்ளலாம். 'எழுத்துக்கூட்டு' என்கிற 'ஏப்லே' வினையைப் பழைய புத்தகத்தில் இரட்டை எல் போட்டிருப்பார்கள், புதிய முறையில் ஒற்றை எல்லும் கோடும். இரண்டும் செல்லும். ஆகவே, உங்கள் கையில் இருக்கிற இரண்டு புத்தகம் இரண்டு விதமாகச் சொன்னால் குழம்ப வேண்டாம். நெடுநாள் யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த பரிந்துரை அது. 2016-இல் பள்ளிப் புத்தகங்களில் புதிய முறை வரப்போகிறது என்றதும் பிரான்சில் பெரிய கூச்சல் எழுந்தது.

பிப்ரவரி 11, இரவு

திருவொற்றியூரிலிருந்து ஒருவர் "பூட் ரூல் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே, இவ்வளவு கதை எதற்கு?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. வினை அட்டவணையை இரண்டு பத்தியாக எழுதி, மாறுகிற நான்கு வடிவத்தையும் சுற்றிக் கோடு இழுத்தால் ஒரு பூட்ஸ் உருவம் வரும். 'நூ', 'வூ' இரண்டும் பூட்ஸுக்கு வெளியே நிற்கும். உலகம் முழுக்க இப்படித்தான் சொல்லித் தருகிறார்கள்.

நானும் போர்டில் வரைவேன். என் டியூஷனுக்கு வியாசர்பாடியிலிருந்து வருகிற பையன் ஒருவன் ஃபுட்பால் ஆடுகிறவன். அவன் நோட்டில் பூட்ஸுக்கு அடியில் ஸ்டட் எல்லாம் போட்டு, லேஸ் கட்டி, வெளியே கிடந்த 'நூ', 'வூ' இரண்டையும் பந்துக்குள் எழுதியிருந்தான். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அந்த பேட்சில் ஒருவரும் 'நூ'வுக்குக் கோடு போடவில்லை.

ஆனால் பூட்ஸ் கண்ணுக்கான உதவி. எங்கே மாறுகிறது என்று காட்டும், ஏன் என்று சொல்லாது. ஏன் என்று தெரியாதவர், நிகழ்காலத்தை விட்டு எதிர்காலத்துக்குப் போனதும் திணறுவார். எதிர்காலத்தில் பூட்ஸே கிடையாது: ஜஷெத்ரே, நூஸ் அஷெத்ரோன், வூஸ் அஷெத்ரே. ஆறு பேருக்கும் 'ஷெ'தான், ஆறு பேருக்கும் கோடுதான். அப்பெல்ரோன் என்று 'நூ'வுக்கும் இரட்டை எல்.

பிப்ரவரி 11, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்த உடனேயே ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார்: "எதிர்காலத்தில் அழுத்தம் விகுதியில்தானே விழுகிறது, பிறகு ஏன் வாய் திறக்கிறது?"

நல்ல கேள்வி. இதற்கு அழுத்தத்தோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். எழுத்தில் அடுத்த அசையில் இருப்பதும் விழுங்கப்படுகிற 'இ' என்றால், அதற்கு முந்தைய 'இ' திறந்தே ஆகவேண்டும். இரண்டு ஊமை உயிர் அடுத்தடுத்து நிற்பதை இந்த வினைகளில் பிரெஞ்சு ஒப்புக்கொள்வதில்லை. ஜஷெத் என்பதன் கடைசியில் எழுத்தளவில் ஓர் ஊமை 'இ' இருக்கிறது. ஜஷெத்ரேயில் 'ரே'க்கு முன்னால் அதே ஊமை 'இ'. நூஸ் அஷ்தோனில் அடுத்து வருவது 'ஓன்', சத்தமுள்ள உயிர். அதனால் அங்கே திறக்க வேண்டிய தேவை இல்லை. நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் சேர்த்து இந்த ஒரு விதி போதும்.

பிப்ரவரி 12, காலை

இந்த விதியை வைத்துக்கொண்டு 'ப்ரேஃபேரே'க்கு வருவோம். 'அதிகம் விரும்பு' என்கிற வினை. கோடு திரும்பிக்கொள்கிறது என்று கேள்வியில் சொன்னீர்களே, இதுதான் அது. அகராதி வடிவத்தில் இரண்டு 'இ'க்கும் ஏறுகிற கோடு. 'ஜு ப்ரேஃபெர்' என்னும்போது இரண்டாவது கோடு மட்டும் இறங்குகோடாகும். முதல் கோடு எக்காலத்திலும் மாறாது. மாறுவது எப்போதுமே வினையடியின் கடைசி உயிர்தான். 'நம்புகிறேன், ஆசைப்படுகிறேன்' என்கிற 'ஜெஸ்பெர்' இதே வகை. மின்னஞ்சல் எழுதும் பயிற்சியில் இந்தச் சொல் வராமல் இருக்காது, இதை முதலில் படியுங்கள்.

எதிர்காலத்தில் பழைய எழுத்துமுறை 'ப்ரேஃபேரே' இனத்துக்கு ஏறுகோட்டையே வைத்திருந்தது, வாய் திறந்து சொன்னாலும்கூட. 1990 பரிந்துரை அதை இறங்குகோடாக மாற்ற இடம் கொடுத்தது. எனக்குப் புதிய முறைதான் பிடிக்கிறது. காதும் கையும் ஒன்றாகப் போகின்றன.

பிப்ரவரி 12, இரவு 10 மணிக்கு மேல்

"எந்த வினைகளை முதலில் எடுப்பது?" என்று பலர் கேட்கிறார்கள். பட்டியல் கொடுக்க எனக்கு மனமில்லை. உங்கள் வீட்டில் காலையிலிருந்து என்ன நடக்கிறதோ அதை எடுங்கள்.

என்னிடம் படிக்கிற ஒரு பெண்ணின் அம்மா காசிமேட்டில் மீன் வாங்கி, தண்டையார்பேட்டைத் தெருக்களில் விற்கிறவர். அந்தப் பெண் வினை அட்டவணை எழுதச் சொன்னால் தப்பும் தவறுமாக எழுதுவாள். ஒருநாள் அட்டவணையை மூடி வைத்துவிட்டு, "உங்க அம்மா காலையில என்னென்ன செய்வாங்க, சொல்லு" என்றேன். தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தாள். அம்மா மூன்று மணிக்கு எழுந்துகொள்வார்: எல் ஸு லெவ். மீன் வாங்குவார்: எல் அஷெத் து ப்வாஸோன். ஐஸ் வாங்குவார்: எல் அஷெத் த லா க்லாஸ். எடை போடுவார்: எல் பெஸ். கெட்டதைத் தூக்கி எறிவார்: எல் ஜெத். வாடிக்கைக்காரர்களைக் கூப்பிடுவார்: எல் அப்பெல் லே க்லியான்.

ஒரு காலைப்பொழுது முடிவதற்குள் ஐந்து மாறும் வினைகள். லுவே, அஷ்தே, புஸே, ஜுதே, அப்லே. நான் ஒன்றையும் எடுத்துக் கொடுக்கவில்லை. பிறகு, "ஞாயித்துக்கிழமை நீயும் கூடப் போவ இல்ல, இப்ப ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லு" என்றேன். நூ நூ லுவோன், நூஸ் அஷ்தோன், நூ புஸோன், நூ ஜுதோன், நூஸ் அப்லோன். 'புஸோன்' என்னும்போது மட்டும் ஒரு நொடி நின்றாள். 'பெஸோன்' என்று நாக்கு நுனிவரை வந்து, வாய் தானாகவே மூடிக்கொண்டது. அந்த ஒரு நொடியைத்தான் நான் ஒவ்வொரு மாணவரிடமும் எதிர்பார்க்கிறேன். அது வந்துவிட்டால் பிறகு அட்டவணையை அவர்களே எழுதிவிடுவார்கள்.

பிப்ரவரி 13

"காது, காது என்கிறீர்கள், எங்களுக்குப் பேச ஆள் எங்கே?" உண்மைதான். பிளஸ் டூவில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுக்கிற பிள்ளைகள் பலர் கோடிட்ட இடத்தை நிரப்பியே இரண்டு வருடத்தை முடித்துவிடுகிறார்கள். நான் படித்த பள்ளியிலும் அப்படித்தான் நடந்தது. அட்டவணையை எழுதினோம், வாய் திறக்கவில்லை. திறந்து சொல்லாத மொழியில் 'வாய் திறக்கிறது' என்கிற விதி எப்படி மனசில் உட்காரும்? எனக்கு இது குறித்து இன்றைக்கும் ஆதங்கம் உண்டு.

என் காது திறந்தது ராயபுரத்தில், எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு தாத்தாவால். புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே இவர்களை 'சொல்தா' என்பார்கள். இலக்கணப் புத்தகம் எதையும் அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. நான் அட்டவணையைப் படித்துக் காட்டினால் சாய்வு நாற்காலியின் கைப்பிடியில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். எங்கே அழுத்தமோ அங்கே தட்டு. 'ஜு ப்ரேஃபெர்' என்றால் 'ஃபெர்'ரில். 'நூ ப்ரேஃபேரோன்' என்றால் 'ரோன்'னில். நான் அழுத்தத்தை வேறிடத்தில் போட்டால் விரல் அந்தரத்தில் நின்றுவிடும். வாயால் திருத்தவே மாட்டார். விரல் இறங்குகிற வரைக்கும் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

ஆள் இல்லாதவர்கள் அந்தத் தட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில், தொடையில், மின்சார ரயில் கம்பியில், எங்கே வேண்டுமானாலும் தட்டலாம். பிரெஞ்சு வானொலி செய்திகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வேகம் புரியாவிட்டாலும் பரவாயில்லை, அழுத்தம் எங்கே விழுகிறது என்று மட்டும் கேளுங்கள்.

பிப்ரவரி 14, காலை

ஒரு வாசகர் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறார்: "தமிழில் இந்த மாதிரி தொல்லை கிடையாது. வினையடியை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் ஒட்டுகிறோம், அவ்வளவுதான்."

ஐயா, வா என்பதை எடுங்கள். வந்தேன், வருகிறேன், வருவேன். எதில் 'வா' இருக்கிறது? தா, தந்தேன், தருவேன். காண், கண்டேன். சாகிறது, செத்தது. பெயர்ச்சொல்லுக்குப் போனால் வீடு, வீட்டில், ஆறு, ஆற்றில். மெய் இரட்டிப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. கணக்குப் பார்க்காமல் பேசுகிறோம், அதனால் தொல்லையாகத் தெரியவில்லை.

வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. தமிழில் காலத்துக்கு ஏற்ப அடி மாறும். ஒரு காலத்துக்குள் நான், நீ, அவர் என்று யாரைப் போட்டாலும் 'வந்த்' 'வந்த்'தான். பிரெஞ்சு நிகழ்காலத்துக்குள்ளேயே ஆளுக்கு ஏற்ப மாற்றுகிறது. நமக்குத் தடுக்குகிற இடம் இது ஒன்றுதான்.

பிப்ரவரி 14, மாலை

வா என்றதும் 'வுனீர்' நினைவுக்கு வந்துவிட்டது. அதையும் இங்கேயே பார்த்துவிடலாம்.

இதுவரை சொன்னவற்றுக்கு இரண்டு அடி. சில வினைகளுக்கு மூன்று. வுனீர்: ஜு வியேன், நூ வுனோன், இல் வியென். முதல் 'வியேன்' மூக்கொலியில் நின்றுவிடும். 'அவர்கள்' போட்ட 'வியென்' னகரத்தில் நாக்கு பல்மேட்டைத் தொட்டுத் தெளிவாக முடியும். பூட்ஸுக்கு உள்ளேயே இரண்டாகப் பிரிகிறது. 'எடு' வினை: ப்ரான், ப்ருனோன், ப்ரென். 'குடி' வினை: ப்வா, ப்யூவோன், ப்வாவ். 'பெறு' வினை: ருஸ்வா, ருஸ்வோன், ருஸ்வாவ்.

இவற்றுக்கு ஜோடி போதாது, மும்மூன்றாகச் சொல்லுங்கள்: நான், நாங்கள், அவர்கள். இந்த மூன்றையும் கையில் வைத்திருந்தால் மற்றக் காலங்கள் பெருமளவு தானாக வந்துவிடும். 'நூ' அடியை எடுத்து 'எ' என்ற விகுதியை ஒட்டினால் பழைய நாளில் வழக்கமாகச் செய்ததைச் சொல்கிற காலம்: ஜு ப்யூவெ, ஜு வுனெ, ஜு ப்ருனெ. இந்தக் காலத்துக்கு 'இரு' என்கிற 'எத்ர்' ஒன்றுதான் விலக்கு. 'அவர்கள்' அடியை எடுத்தால் சுப்ஜோன்க்திஃப், அதாவது ஆசை, தேவை, சந்தேகம் சொல்கிற இடங்களில் 'க' என்ற சொல்லுக்குப் பிறகு வரும் வடிவம்: க ஜு வியென், க ஜு ப்ரென், க ஜு ப்வாவ். அங்கேயும் 'நூ', 'வூ' இரண்டும் பழைய அடிக்கே திரும்பிவிடும்: க நூ வுனியோன். கடைசியில் சொன்னதற்கு விலக்குகள் சில உண்டு, ஃபெர் (செய்), ஸவ்வார் (அறி), பூவ்வார் (முடியும்) போன்றவை தனி அடி எடுத்துக்கொள்ளும். ஆனால் மேலே சொன்ன நான்கும் ஒழுங்காக நடக்கும்.

சுப்ஜோன்க்திஃப் என்றாலே பயப்படுகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறேன். பாதி வேலை நிகழ்கால அட்டவணையிலேயே முடிந்துவிட்டது.

பிப்ரவரி 15, இரவு, கரண்ட் போய் வந்த பிறகு

இந்த மாற்றம் எங்கிருந்து வந்தது என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

லத்தீனில் 'நான் நேசிக்கிறேன்' என்றால் 'ஆமோ'. அழுத்தம் முதல் அசையில். 'நாங்கள் நேசிக்கிறோம்' என்றால் 'அமாமுஸ்'. அழுத்தம் நடு அசைக்கு, அதாவது அடியை விட்டு வெளியே போய்விடுகிறது. பேச்சில் லத்தீன் பிரெஞ்சாக உருமாறிய நூற்றாண்டுகளில், அழுத்தம் விழுந்த உயிர் ஒரு வழியில் போயிற்று, விழாத உயிர் இன்னொரு வழியில் போயிற்று. பழைய பிரெஞ்சில் 'நான்' போட்டால் அடி 'எம்', 'நாங்கள்' போட்டால் 'அமோன்'. ஆம், பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒழுங்குக்கு எடுத்துக்காட்டாகக் கொடுக்கிறார்களே, அந்த 'எமே' வினையேதான். அதுவும் ஒரு காலத்தில் மாறும் வினை. 'பேசு' என்கிற 'பர்லே'க்கோ 'நான்' வடிவம் 'பரோல்', 'நாங்கள்' வடிவம் 'பர்லோன்'. 'கண்டுபிடி' வினை 17-ஆம் நூற்றாண்டில்கூட 'த்ரெவ்' என்று சில கவிதைகளில் வருகிறது, மோலியேர் அதை எதுகைக்குப் பயன்படுத்தியிருக்கிறார். இன்றைக்கு எல்லோருக்கும் 'த்ரூவ்'.

மக்கள் பேசிப் பேசிப் பெரும்பாலான வினைகளை ஒரே அடியாக நிரவிவிட்டார்கள். நிரவாமல் மிஞ்சியவற்றில் வா, எடு, குடி, முடியும், வேண்டும் என்று அன்றாடம் வாயில் வருகிறவை நிறைய. தினமும் புழங்குகிற வினைக்கு எல்லா வடிவமும் நினைவில் நிற்கும், அதைச் சமன்படுத்த வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. அஷ்தே, அப்லே இனத்திலோ அந்த ஒலிவிதி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே இவற்றை விதிவிலக்கு என்று ஒதுக்காதீர்கள். பழைய ஒழுங்கு அப்படியே நிற்கிற இடங்கள் இவை.

பிப்ரவரி 16

சின்னச் சந்தேகங்கள் சேர்ந்துவிட்டன.

'சாப்பிடு' என்கிற 'மான்ஜே', 'தொடங்கு' என்கிற 'கொமான்ஸே' இரண்டையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். அவற்றில் ஒலி மாறுவதே இல்லை. 'நூ மான்ஜோன்' என்று எழுதும்போது நடுவில் ஓர் 'இ' சேர்ப்பது, ஜகர ஒலி ககரமாகிவிடக் கூடாது என்பதற்காக. கொமான்ஸோனில் 'சி'க்கு அடியில் வால் போடுவதும் அப்படித்தான். நிகழ்காலத்தில் மாறுவது 'நூ' ஒன்றில்தான், அதுவும் எழுத்தில் மட்டும்.

'சுத்தம் செய்' என்கிற நெத்வாயே: பூட்ஸுக்குள் 'ஒய்' எழுத்து போய் 'ஐ' வரும், ஜு நெத்வா, நூ நெத்வாயோன். இது கட்டாயம். 'பணம் கொடு' என்கிற பேயேயும் அதன் இனமும் மட்டும் இரண்டுக்கும் இடம் தரும்: ஜு பெ, ஜு பெய், இரண்டும் சரி. எம்.சி. ரோட்டில் துணி எடுத்துவிட்டு எந்த வடிவத்தில் பணம் கொடுத்தாலும் செல்லும் என்று வகுப்பில் சொன்னேன். பிள்ளைகளுக்கு அது மறக்கவில்லை.

பிப்ரவரி 17, இரவு

"பேசும்போது 'நூ'வே வராது, 'ஓன்'தான் போடுகிறார்கள், அப்புறம் எதற்கு அந்த அடி?" என்று கேட்ட நண்பருக்கு: நீங்கள் சொல்வது பாதி சரி. பேச்சு பிரெஞ்சில் 'நாங்கள்' என்பதற்கு 'ஓன்' என்கிற தனிச் சொல் சகஜம் (விகுதி 'ஓன்' இல்லை இது). அதற்கு 'அவன்' வடிவமே போதும்: ஓன் அஷெத், ஓன் ப்ரேஃபெர். பூட்ஸை விட்டு வெளியே வரவே தேவையில்லை.

ஆனால் 'வூ' எங்கே போகும்? டி.சி.எஃப். கனடா பேச்சுத் தேர்வு 12 நிமிடம், மூன்று பகுதி. இரண்டாம் பகுதியில் தேர்வாளர் ஒரு சூழலைக் கொடுப்பார், கேள்வி கேட்க வேண்டியது நீங்கள். முன்பின் தெரியாதவர் என்றால் 'வூ' போட்டுத்தான் கேட்க வேண்டும்: வூ ப்ரேஃபேரே, வூ வுனே, வூ ப்ருனே, வூஸ் அஷ்தே. வரிசையாக எல்லாமே பூட்ஸுக்கு வெளியே. வீட்டில் 'ஜு' போட்டே பழகியவர்களின் நாக்கு அங்கேதான் 'வூஸ் அஷெதே' என்று போய்விடும். பயிற்சி எடுக்கும்போது பதில் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். பாதி நேரம் கேள்வி கேட்டுப் பழகுங்கள். இரவு ஷிப்டுக்குப் போகிற ஒரு நர்ஸ், வார்டில் நோயாளியிடம் தமிழில் கேட்கிற கேள்விகளையே மனசுக்குள் 'வூ' போட்டு மாற்றிப் பார்க்கிறார். சாப்பிட்டீர்களா, எழுந்துகொள்கிறீர்களா, எது வேண்டும், யாரைக் கூப்பிடுகிறீர்கள். நல்ல வழி அது.

பிப்ரவரி 19, காலை

கொருக்குப்பேட்டை தம்பி வாக்கியங்கள் போட்டிருக்கிறார். திருத்தம் இதோ.

"நூ நூ லுவோன் அ ஸேங்க் எர்." அருமை, கோடு போடாமல் விட்டதும் சரி.

"வூஸ் அப்லே" என்று சொல்வதற்கு இரட்டை எல் எழுதியிருக்கிறீர்கள். ஒற்றை எல் போதும். நீங்களே சொல்லிப் பாருங்கள், அங்கே 'பெ' வருகிறதா? வரவில்லை என்றால் இரட்டிக்க வேலை இல்லை.

"ஜெஸ்பெர்" வாக்கியத்தில் இறங்குகோடு சரியான இடத்தில் இருக்கிறது.

கடைசி வாக்கியத்தில் 'அனுப்புவேன்' என்பதற்கு 'ஜான்வ்வாரே' என்று போட்டிருக்கிறீர்கள். நெத்வாயே மாதிரி யோசித்திருப்பது புரிகிறது. நிகழ்காலத்துக்கு அது பொருந்தும்: ஜான்வ்வா, நூஸ் ஆன்வ்வாயோன். எதிர்காலத்தில் மட்டும் இந்த வினை தன் குடும்பத்தை விட்டுவிட்டு 'பார்' என்கிற 'வ்வார்' வினையின் பக்கம் போய்விடுகிறது. அது ஜு வெரே, இது ஜான்வெரே. இரண்டுக்கும் இரட்டை ஆர், ஆறு பேருக்கும் அதே அடி. 'திருப்பி அனுப்பு' என்கிற ரான்வ்வாயேயும் அப்படியே.